திரையை விலக்குங்கள்: தலைசுற்றிப் படுத்திருப்பவரின் வீட்டாருக்கு



உங்கள் வீட்டில் ஒருவர் இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். ஜன்னல் திரையை இழுத்து விட்டிருக்கிறீர்கள். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று சொன்னதால் அதையும் நிறுத்திவிட்டீர்கள். அவர் எழுந்து உட்கார்ந்தால், "எங்க எழுந்திரிக்கிற, படு" என்று ஓடி வருகிறீர்கள். சாப்பாடு கட்டிலுக்கே வருகிறது. இதில் ஒன்றுகூட அன்பில்லாமல் செய்வதல்ல. எனக்கும் என் வீட்டார் இதையெல்லாம் செய்தார்கள். மூன்று மாதம் செய்தார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. மயிலாடுதுறைப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காதின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதன் மேல் மூன்று வளையங்கள். 'அரைவட்டக் குழாய்கள், உடல் சமநிலைக்கு உதவுகின்றன' என்று பாகம் குறிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று நானே தெரிந்துகொண்டது, நான்கு வருடம் முன்பு ஓர் ஆவணி மாதக் காலையில்.

விழித்தபோது வீடு சுற்றிக்கொண்டிருந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை. உத்திரமும் பீரோவும் கதவும் வலப்பக்கமாக ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். நாத்தனார் "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொண்டுவந்தார். அன்று மாலை அழைத்துப் போன இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். என் வயதில் யாருக்குத்தான் தேயாமல் இருக்கும்! கழுத்துப் பட்டை ஒன்று கொடுத்தார்கள். தலையை அசைக்காதீர்கள், முழு ஓய்வு, இந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார்கள். தலையை அசைக்காதீர்கள் என்ற அந்தச் சொல்தான் என் மூன்று மாதத்தைத் தின்றது.

ஏன் என்று விளங்க வேண்டுமானால், இந்தப் பக்கத்தைக் கையில் வைத்தபடி நீங்கள் ஒன்று செய்து பார்க்க வேண்டும். முதலில் தலையை அசைக்காமல், பக்கத்தை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள், நொடிக்கு இரண்டு மூன்று முறை. எழுத்துகள் கலைந்து கோடாகிவிடும். இப்போது பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் 'இல்லை இல்லை' என்று தலையை ஆட்டுங்கள். எழுத்து நிற்கும், படிக்கவும் முடியும். கண்ணுக்கும் காகிதத்துக்கும் இடையே நடக்கும் அசைவு இரண்டு தடவையும் ஒன்றுதான். அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு?

முதல் தடவை கண் தானாகத் துரத்த வேண்டியிருந்தது. எழுத்து நகர்ந்துவிட்டது என்பதை விழித்திரை பார்த்து, மூளையின் பின்பக்கம் வரை செய்தி போய், அங்கிருந்து கண்தசைக்குக் கட்டளை வருவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. அதற்குள் எழுத்து வேறெங்கோ போய்விடும். இரண்டாம் தடவை கண் எதையும் துரத்தவில்லை. காதுக்குள் இருக்கும் அந்த வளையங்கள் தலை திரும்புவதை அறிந்து சொல்ல, தலை வலப்பக்கம் போன அளவுக்குக் கண் இடப்பக்கம் போகிறது. காதிலிருந்து மூளைத்தண்டுக்கு ஒரு நரம்பு, அங்கிருந்து கண்ணசைவைக் கவனிக்கும் நரம்புக் கூட்டத்துக்கு ஒன்று, அங்கிருந்து தசைக்கு ஒன்று. மூன்றே கண்ணி. நொடியில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம். நம் உடம்பில் இதைவிட விரைவான அனிச்சைச் செயல்கள் மிகக் குறைவு. நீங்கள் தெருவில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தலை குலுங்குகிறது. ஆனாலும் எதிரே வருகிறவரின் முகம் குலுங்காமல் தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். கண் பார்க்கிறது என்கிறோம். கண்ணைப் பார்க்கும்படி நிறுத்தி வைப்பது காது.

இது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். 1952இல் ஒரு மருத்துவ இதழில் ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு மட்டும் வந்த கட்டுரை அது. காசநோய்க்காகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவருடைய இரு காதுகளிலும் சமநிலை உறுப்பை அழித்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் பார்த்தால் எழுத்து துள்ளியது. துள்ளலுக்குக் காரணம் அவருடைய நாடித்துடிப்பு. இதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தலை மயிரிழை அளவு அசைகிறது; நமக்கு அது தெரிவதே இல்லை, அதைக் காது திருத்திவிடுகிறது. அவருக்குத் திருத்த யாருமில்லை. கட்டிலின் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் ஒரு வரி படிக்க முடிந்தது. நடந்துகொண்டே ஒரு பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது, நின்று படிக்க வேண்டும். முதல் முறை இதைப் படித்தபோது, இவ்வளவு காலம் என் நாடித்துடிப்பை எண்ணி எண்ணித் திருத்திக்கொண்டிருந்த ஒன்றை ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேனே என்று மனம் கனத்துப்போனது.

அந்த வளையங்கள் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு காதிலும் மூன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஓர் அறையின் மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சேர்வது போல. உள்ளே நீர். தலை திரும்பினால் குழாய் உடனே திரும்பும், நீர் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கிய நீர், வழியை மறித்து நிற்கும் ஒரு மெல்லிய சவ்வைத் தள்ள, அதற்குள் இருக்கும் மயிரிழைகள் சாயும். தட்டாமாலை சுற்றாத குழந்தை உண்டா? சுற்றிச் சுற்றி நின்றதும் உலகம் சுற்றும், குழந்தைகள் சிரித்துக்கொண்டே விழுவார்கள். நாம் நின்றுவிட்டோம், உள்ளே நீர் நிற்கவில்லை. அந்தச் சவ்வு இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து, நீ எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறாய் என்று மூளைக்குச் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பிக் கண்ணும் ஓடுகிறது.

என் காதில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. இரண்டு காதிலிருந்தும் சமநிலை நரம்புகள், நாம் அசையாமல் இருக்கும்போதுகூட, ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கின்றன. குரங்குகளில் அளந்தபோது நொடிக்கு ஏறத்தாழத் தொண்ணூறு துடிப்பு. வலப்பக்கம் திரும்பினால் வலக்காதின் துடிப்பு கூடும், இடக்காதினுடையது குறையும். மூளை எப்போதும் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். அன்று காலை என் இடக்காதின் நரம்பு வீங்கிப் பேச்சை நிறுத்திவிட்டது. பெரும்பாலும் வைரஸ் காரணம் என்கிறார்கள். இடப்பக்கம் மௌனம், வலப்பக்கம் வழக்கம் போலத் துடிப்பு. மூளைக்குத் தெரிந்த ஒரே கணக்கின்படி இதற்கு ஒரே பொருள்: தலை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிக்கட்டக் கண்கள் இடப்பக்கம் மெல்ல நழுவின, சட்டென வலப்பக்கம் மீண்டன, திரும்பவும் நழுவின. நான் பார்த்த வீட்டின் ஓட்டம் முழுக்க என் கண்களின் ஓட்டம். பீரோவும் உத்திரமும் பாவம், இருந்த இடத்தில்தான் இருந்தன.

இப்படிக் கண் நழுவுவதையும் மீள்வதையும் வைத்துக் காதைப் படிக்க முடியும் என்று காட்டியவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்கள் தலைசுற்றுகிறது என்பார்கள். ஒருவர், நீர் சூடு போதாமல் இருந்தால்தான் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். சூட்டைக் கூட்டியபோது, அது கொஞ்சம் அதிகமாகிவிட, கண்கள் எதிர்த்திசையில் துடித்தன. சட்டென்று பாரனிக்கு விளங்கியது: காதுக்குள் இருக்கும் நீரைக் குளிர்ச்சி ஒரு பக்கமும் வெப்பம் மறுபக்கமும் நகர்த்துகின்றன. நோயாளி போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லை அவர் பித்தம் என்று தள்ளிவிடவில்லை. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காக அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதல் உலகப் போரில் பிடிபட்டு அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

பித்தம் என்று நம்மவர் சொல்வதைக் குறைவாக எண்ணவும் இடமில்லை. பாரிஸில் 1861 வரை இப்படிச் சுழன்று விழுந்தவர்களின் மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றுதான் சொல்லி, ரத்தத்தை வடித்தார்கள். செவிடர் பள்ளி ஒன்றில் மருத்துவராக இருந்த ப்ராஸ்பேர் மெனியேர், இது காதிலிருந்து வருகிறது என்று அந்த ஆண்டு எடுத்துரைத்தார். மறு ஆண்டே இறந்துவிட்டார்.

இப்போது உங்களிடம் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மௌனமான நரம்பு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எனக்கும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் நான் இன்று நடக்கிறேன், படிக்கிறேன், மாடியில் துணி காயப்போடுகிறேன். காது குணமாகாமலே ஆள் குணமாவது எப்படி?

சிறுமூளை என்று ஒன்று பின்மண்டையில் இருக்கிறது. காது சொன்னபடி கண் திரும்பியதே, திரும்பியது சரியான அளவா என்று மதிப்பெண் போடுவது அது. எப்படிப் போடும்? தலை அசைந்தபோது விழித்திரையில் உருவம் வழுக்கினால், அதாவது எழுத்து மங்கினால், கணக்கு தவறு. அடுத்த முறைக்குச் சற்றுத் திருத்து. மறுபடி மங்கல், மறுபடி திருத்தம். நாம் பயந்து விலகி ஓடும் அந்த மங்கல்தான் சிறுமூளைக்குப் பாடம். ஒரு காது போனவருக்கும் மூளை, எஞ்சிய காதையும் கண்ணையும் பாதத்தையும் கழுத்தையும் வைத்துப் புதுக் கணக்கு எழுதிவிட முடியும். அதற்குப் பிழை தெரிய வேண்டும். அசையாத தலையில் பிழை தெரியாது. இருட்டு அறையில் மங்குவதற்கு எழுத்தே கிடையாது.

திரை, கழுத்துப் பட்டை, 'படு, படு' மூன்றையும் பற்றி நான் ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்று இப்போது தெரிகிறதா? 1970களில் பிரான்சில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பக்கக் காதின் சமநிலை உறுப்பை இழந்த பூனைகளில் வெளிச்சத்தில் இருந்தவை தேறின, இருட்டில் வைக்கப்பட்டவற்றின் கண்துடிப்பு அடங்காமல் நீடித்தது. பபூன் குரங்குகளில் அசையவிடாமல் கட்டிப்போடப்பட்டவை, நடமாட விட்டவற்றைவிட மிகத் தாமதமாகத் தேறின. அந்த விலங்குகள் பட்டதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவை பட்டதை அறிந்தும் நாம் நம் வீட்டு மனிதரை இருட்டில் அசையாமல் வைப்பது என்ன நியாயம்?

மூளைக்கு இப்படி மாறிக்கொள்ளத் தெரியும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே அனுபவத்தில் தெரிந்ததுதான். புதுக் கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாள் தரை மேலெழும், படி பள்ளமாகத் தெரியும், தலையைத் திருப்பினால் வீடு நீந்தும். கண்ணாடி உருவத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டுவதால், தலை இத்தனை திரும்பினால் கண் இத்தனை திரும்ப வேண்டும் என்ற பழைய கணக்கு பொருந்துவதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் என்ன சொல்வார்? "நாலு நாள் போட்டுக்கிட்டே இருங்க, சரியாயிடும்." கழற்றிக் கழற்றி வைப்பவருக்குத்தான் பழகாது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெல்வில் ஜோன்ஸ் 1970களில் இதன் எல்லை வரை போய்ப் பார்த்தார். உலகை இடம்வலமாக மாற்றிக் காட்டும் பட்டகங்களை ஆட்களின் கண்ணில் வாரக்கணக்கில் மாட்டிவிட்டார். ஆரம்பத்தில் குமட்டலும் தள்ளாட்டமும். போகப் போக, தலை போகும் திசைக்கு எதிராகப் போக வேண்டிய கண், அந்த அனிச்சைச் செயலே, திசை மாற ஆரம்பித்தது. பிறந்தது முதல் பழகிய ஒன்றை வளர்ந்த மனித மூளை சில வாரத்தில் திருப்பி எழுதிக்கொள்கிறது.

என்னிடம் இதை முதலில் சொன்னவர் வேறோர் ஊரில் இருந்த இளம் பிசியோதெரபிஸ்ட் பெண். அவரைப் பார்க்கும் முன், அங்கிருந்த மருத்துவர் என் தலையை இரு கைகளாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எதிர்பாராத ஒரு கணத்தில் தலையைச் சிறு அளவு சட்டென்று திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது என் கண் அவர் மூக்கிலேயே நின்றதாம். இடப்பக்கம் திருப்பியபோது தலையோடு கூடப் போய்விட்டு, பிறகு ஓடி வந்து மூக்கைப் பிடித்ததாம். சிட்னியில் ஹால்மாகி, கர்தோய்ஸ் என்ற இருவர் 1988இல் எழுதிய சோதனை இது. கருவி தேவையில்லை, கண் இருந்தால் போதும். அரை நிமிடத்தில் அவர் இடக்காது என்றார். மூன்று மாதமாகக் கழுத்தைச் சுமந்துகொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. (இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். செய்யத் தெரிந்த கை வேண்டும்.)

பிசியோதெரபிஸ்ட் என் கழுத்துப் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். மாத்திரையை நிறுத்தும் விதத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். முதல் சில நாள் வாந்தியை அடக்க அந்த மாத்திரை வேண்டும்; மாதக்கணக்கில் போனால் அதுவே மூளையின் திருத்த வேலையை மந்தமாக்குகிறது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் வகையை முதியவர்கள் நெடுநாள் எடுத்தால் கைநடுக்கமும் நடை இறுக்கமும்கூட வரலாம். உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியில் அப்படி ஒன்று பழைய சீட்டின் பேரில் ஓடிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் ஒரு முறை கேளுங்கள்.

பிறகு ஒரு தாளில் பெரிதாக 'ழ' என்று எழுதி எனக்கு எதிரே சுவரில் ஒட்டினார். "டீச்சர், இதைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுங்க. எழுத்து கலங்கற வேகத்துக்குக் கொஞ்சம் கீழ. ஒரு நிமிஷம்." ஒரு நிமிடம் அல்ல, பதினைந்து நொடி தாங்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் எழுந்து, "வேணாம்மா, அவளுக்கு முடியல" என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "சார், இப்ப வர்ற இந்தத் தலைசுத்தல் வரணும். கொஞ்சமா வரணும், கொஞ்ச நேரத்துல அடங்கணும். அது வரலேன்னா நான் கொடுக்கற பயிற்சி வீண்."

இது புதுச் சரக்கு அல்ல என்று பின்னால் படித்தேன். 1940களில் இங்கிலாந்தில் காது அறுவை மருத்துவர் காதோர்னும் உடற்பயிற்சி மருத்துவர் குக்சியும், தலையில் அடிபட்டவர்களிலும் காதில் அறுவை செய்யப்பட்டவர்களிலும் சுறுசுறுப்பாக அசைகிறவர்களே சீக்கிரம் தேறுவதைக் கவனித்து, ஒரு பயிற்சி வரிசையே எழுதினார்கள். முதலில் படுத்தபடி கண்ணை மட்டும் அசைப்பது. பிறகு தலை. பிறகு உட்கார்ந்து குனிந்து தரையில் இருப்பதை எடுப்பது. பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கண்மட்டத்துக்கு மேல் தூக்கிப்போட்டுப் பிடிப்பது. சரிவில் ஏறி இறங்குவது. நான் பந்துக்குப் பதில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டேன். நாத்தனார் அன்று பித்தத்துக்குப் பிழிந்ததைவிட இது நல்ல பயன் என்று அவரே சொன்னார்.

கடினமாக இருந்தது எது தெரியுமா? பெரிய மளிகைக் கடைக்குப் போவது. இருபக்கமும் நெருக்கி அடுக்கிய டப்பாக்கள் கண்ணோரம் ஓடும்போது, நான் நிற்கிறேனா நகர்கிறேனா என்று தெரியாமல் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காதின் பேச்சு நம்பகமாக இல்லாதபோது மூளை கண்ணை அளவுக்கு மேல் நம்புகிறது. ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் புறப்பட்டால் நம் ரயில் போவதாக ஒரு கணம் தோன்றுமே, அந்தக் கணம் முடியாமல் நீள்வது போல. உங்கள் வீட்டு ஆள் கடைவீதிக்கு வர மறுத்தால், கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட்டால், அது மனக்கோளாறு அல்ல, சாக்கும் அல்ல. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்த காகிதத்தைக் காட்டி "ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்களே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நரம்பின் மௌனம் ஸ்கேனில் தெரிவதில்லை.

கண்ணும் காதும் முரண்படுவதுதான் மலைப்பாதைப் பேருந்தில் நடப்பதும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. கைபேசியைப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளைக்குக் காது திரும்புகிறோம் என்கிறது, கண் எதுவும் திரும்பவில்லை என்கிறது. ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை, அடுத்த திருப்பத்தை அவர் மூளை முன்கூட்டியே அறியும். முரண்பட ஒரு பக்கம் இல்லாவிட்டால் சண்டையும் இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள், வாஷிங்டனின் கேலடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத பதினொரு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் மூளைக்காய்ச்சலில் காதின் சமநிலை உறுப்பும் போயிருந்தது. நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பில் கப்பலைச் செலுத்தியபோது ஆய்வாளர்கள் வாந்தி எடுத்துப் படுத்துவிட, இவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். விண்வெளிக்கு மனிதனை அனுப்ப அமெரிக்கா கற்ற பாடங்களில் இவர்களுடைய பங்கு பெரியது.

எல்லாத் தலைசுற்றலும் என்னுடையது போன்றதல்ல. நம் மொழியில் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம். சட்டென எழுந்தபோது கண் இருட்டுவது மயக்கம், சர்க்கரை இறங்கி வியர்ப்பது மயக்கம், நினைவு தப்புவது மயக்கம், வீடு சுற்றுவதும் மயக்கம். மருத்துவரிடம் போகும்போது அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். சுற்றுகிறதா, இருட்டுகிறதா, தள்ளாடுகிறதா? எவ்வளவு நேரம்? எதைச் செய்யும்போது? இந்த மூன்றையும் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள், பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவீர்கள்.

படுக்கையில் புரளும்போது, பரணில் எட்டிப் பாத்திரம் எடுக்கும்போது, கொடியில் துணி போட அண்ணாந்து பார்க்கும்போது, கோலம் போடக் குனியும்போது மட்டும் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? அநேகமாக அது கற்கள். காதில் வளையங்களை ஒட்டி இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில், முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட், பொடிப்பொடிக் கற்களாகப் பதிந்திருக்கிறது. எது மேல், எது கீழ் என்று அவற்றின் எடைதான் மூளைக்குச் சொல்கிறது. வயதில் அவை உதிர்ந்து வளையத்துக்குள் புகுந்துவிட்டால், தலை சாயும்போதெல்லாம் உருண்டு பொய் சொல்லும். இதற்கு மாத்திரை மருந்தே அல்ல. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் திருப்பிக் கல்லை வெளியே உருட்டிவிடுவார்கள், சில நிமிட வேலை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி என்ற மருத்துவர் கண்டுபிடித்தது. சக மருத்துவர்கள் பல ஆண்டு அவரை நம்பவில்லை, 1992இல்தான் கட்டுரையாக வந்தது. இதைத் தெரிந்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒரே வருகையில் சரியாகக்கூடியதை வருடக்கணக்கில் கழுத்து எலும்பின் மேல் போட்டு வைத்திருக்கும் எத்தனையோ அம்மாக்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். சுற்றலோடு பேச்சு குழறினால், இரண்டு இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், ஒரு பக்கக் கையோ காலோ மரத்தாலோ துவண்டாலோ, இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், அது மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதாக இருக்கலாம். 108க்கு அழையுங்கள். எலுமிச்சம்பழம் தேடாதீர்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. நிற்பதற்கு மூளை கேட்பது கண், காது, கால் மூன்றையும். பல ஆண்டு சர்க்கரை நோயில் பாதம் மரத்திருக்கும். தரை அதற்குத் தெரியாது. கண்ணில் புரை இருக்கும். வயதில் காதும் தளர்ந்திருக்கும். இப்படி மூன்றும் அரைகுறையாக இருப்பவர் பகலில் சமாளித்துவிடுவார். இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் குளியலறைக்குப் போகும்போது கண்ணும் இல்லாமல் போகிறது. விழுந்த பின் "வழுக்கிட்டாரு" என்கிறோம். ஒரு சிறு இரவு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, புரை அறுவையைத் தள்ளிப்போடாமல் இருப்பது. இதற்கு மேல் இதில் நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்குத் திரும்புகிறேன். பயிற்சி ஆரம்பித்த பின் மிகவும் கஷ்டப்பட்டவர் என் கணவர். நான் தெருவில் இரண்டு அடி எடுத்து வைத்தால் முழங்கையைப் பற்றிக்கொள்வார். பற்றியதும் என் உடம்பு அவர்மேல் சாய்ந்துவிடும். பாதமும் காதும் கற்க வேண்டியதை அவர் கை கற்றுக்கொண்டிருந்தது. "கையை விடுங்க சார், ஆனா கூடவே போங்க" என்று அந்தப் பெண் சொன்னபிறகு, அரை அடி பின்னால், பிடிக்காத கையை என் முதுகுக்கு நேராக நீட்டியபடி மாதக்கணக்கில் நடந்தார். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. உங்களிடம் நான் கேட்பதும் அந்தக் கையைத்தான். முதல் மூன்று நான்கு நாள் வாந்தி தணியட்டும், படுத்திருக்கட்டும். அதன் பின் மருத்துவர் இது காதுதான் என்று சொல்லிவிட்டால், திரையை விலக்குங்கள், உட்கார வையுங்கள், வாசல் வரை நடக்க விடுங்கள். அவர் முகம் சுளிக்கும்போது ஓடிப்போய்ப் படுக்க வைக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். அது எவ்வளவு கடினம் என்று என் கணவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கூடத்துச் சுவரில் அந்த 'ழ' ஒட்டியிருந்தது. தினமும் ஐந்து வேளை அதைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். ஆரம்ப வாரங்களில் அது 'ழ' என்று எனக்குத் தெரிந்ததால்தான் 'ழ'. கண்ணுக்கு வெறும் கருங்கோடு. பத்து வாரம் இருக்கும், ஒரு காலையில் காபி குடிக்கும் முன் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ இடறியது. வேகத்தைக் குறைக்காமலே மறுபடி பார்த்தேன். சுவரில் இருந்தது 'மு'. முதல் நாள் இரவு, நான் தூங்கிய பின், என்னிடம் சொல்லாமல் அவர் தாளை மாற்றி ஒட்டியிருந்தார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி